வகுப்பு இலவசம், வரத்தான் நேரமில்லை

டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், வேலைப் பயிற்சியைக் கவனிக்கும் மாநில அமைப்பான டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷன் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். நான் சான் அன்டோனியோவில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழ்ப் பெண். கணிதம் படித்தவள். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம், நகரின் தெற்குப் பக்கத்தில் ஒரு தேவாலயக் கூடத்தில், ஜி.இ.டி. எழுதப்போகும் பெண்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பள்ளிப் படிப்பை முடிக்காமல் விட்டவர்கள் பின்னாளில் எழுதும் தேர்வு அது. கணக்கு, மொழி, அறிவியல், சமூகவியல் என்று நாலு பாடம். என் வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மெக்சிகோ வழி வந்தவர்கள். ஹோண்டுராஸ், எல் சால்வடோரிலிருந்து வந்தவர்களும் உண்டு. என்னை 'மாயெஸ்த்ரா' என்று கூப்பிடுவார்கள். ஆசிரியை என்று பொருள்.

இந்த மடலின் ஆங்கிலப் பிரதியை உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் வெளியிடக் காரணம் இருக்கிறது. ஆஸ்டின், டாலஸ், ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் வீடுகளைத் துடைப்பதும், டே கேரில் எங்கள் பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுவதும், ஊரிலிருந்து வந்த எங்கள் அப்பா அம்மாவை மருத்துவமனைக் கட்டிலில் புரட்டிப் படுக்க வைப்பதும் இந்தப் பெண்கள்தான். எங்களில் பலருக்கு இங்கே வாக்கு இருக்கிறது. அந்த வாக்கைக் கேட்டு வருகிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பது எங்கள் மக்களுக்கும் தெரியட்டும் என்றே தமிழில் எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பரில் எங்கள் கூடத்தில் நாற்காலி போதாது. டிசம்பரில் பாதி நாற்காலி காலி. ஆர்வம் இல்லை, பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று பயிற்சித் திட்டங்களைப் பற்றிய கூட்டங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போனவர்கள் ஒவ்வொருவரும் ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருத்தி ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். அடுத்த வார ஷிப்ட் என்ன என்பது வெள்ளிக்கிழமை ராத்திரி போனில் வரும். செவ்வாய் மாலை தனக்கு ஓய்வா வேலையா என்று அவளால் முன்கூட்டிச் சொல்லவே முடியாது. இன்னொருத்தியின் குழந்தைக்குக் காதில் சீழ். காய்ச்சல் இருந்தால் டே கேரில் விட முடியாது, பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. மூன்று வகுப்பு போய்விட்டது. நான்காவதற்கு வந்தபோது நாங்கள் பின்னத்திலிருந்து இயற்கணிதத்துக்குத் தாண்டியிருந்தோம். கடைசி வரிசையில் உட்கார்ந்து, நோட்டை மூடி வைத்துவிட்டு, முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டுப் போனாள். அதோடு வரவில்லை. அன்றைக்கு அவள் பக்கத்தில் போய் உட்காராமல் இருந்தது என் தப்பு. இப்போதும் உறுத்துகிறது.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சதவீதமும் விகிதமும் நடத்திக்கொண்டிருந்தபோது அவள் கைப்பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் விரித்தாள். வாரத்துக்கு நாற்பது மணிக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி வந்திருக்கிறதா என்று எல்லோருமாகச் சேர்ந்து கணக்குப் போட்டோம். வரவில்லை. மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கேட்டாள். பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு மாலை ஷிப்ட். வகுப்பும் போயிற்று.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இலவச வகுப்பு வைத்தாலே படித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் உங்கள் திட்டங்கள் நிற்கின்றன. வகுப்புக்கு வர ஒரு மணி நேரத்தை விடுவிக்க இந்தப் பெண்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்பதற்கு அந்தத் திட்டங்களில் இடமே இல்லை.

நிலைமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெக்சாஸ் மக்களில் ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழி வந்த லத்தீனர், ஏறத்தாழ 40 விழுக்காடு. 2022-லேயே அவர்கள் இந்த மாநிலத்தின் ஆகப் பெரிய பிரிவாகிவிட்டார்கள். நாடு முழுவதும் பார்த்தால், ஆண்டு முழுக்க முழுநேரம் உழைக்கும் ஒரு லத்தீனப் பெண்ணுக்கு, வெள்ளை ஆண் ஒரு டாலர் வாங்கும் இடத்தில் கிடைப்பது சுமார் 58 சென்ட். 25 வயது தாண்டிய லத்தீனப் பெண்களில் பட்டம் பெற்றவர்கள் இன்னும் நாலில் ஒரு பங்கைத் தொடவில்லை. பத்தாண்டுகளாக அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, மகள்கள் அம்மாக்களைவிட நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் நான் எழுதுவது அந்த அம்மாக்களுக்காக. முப்பது, நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிறவர்கள். இன்னும் இருபது முப்பது ஆண்டு உழைக்க வேண்டியவர்கள்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1938 ஜனவரியில், பீக்கன் கொட்டை உடைக்கும் கொட்டகைகளில் கூலியைக் குறைத்தபோது சுமார் 12,000 பேர் இங்கே வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் மெக்சிக அமெரிக்கப் பெண்கள். முன்னால் நின்ற எம்மா தெனாயூகாவுக்கு அப்போது 21 வயது. அதே ஆண்டு மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கொட்டகைக்காரர்கள் மெஷின் வாங்கினார்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. அந்தப் பெண்களுக்கு வேறு தொழில் கற்றுக்கொடுக்க யாரும் வரவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து அதே கதை ஜீன்ஸ் தையலில் நடந்தது. இந்த முறை கற்றுக்கொடுக்க அரசு வந்தது. ஒரே மாநிலத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு ஊரில் இரண்டு விதமாக வந்தது. நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

முதலில் மெக்சிகோ எல்லையோர நகரமான எல் பாசோ. 1994-ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோவுக்கு இடையிலான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு தையல் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எல்லை தாண்டிப் போயின. அந்த ஒப்பந்தத்தால் வேலை இழந்தவர்கள் என்று அரசே சான்றளித்தவர்களின் எண்ணிக்கையில் எல் பாசோதான் நாட்டிலேயே முன்னால் நின்றது. அவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த பெண்கள். பதினைந்து, இருபது ஆண்டு ஒரே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவர்கள். நிவாரணத் திட்டத்தில் பயிற்சிக்குப் பணம் இருந்தது. அந்தப் பணம் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போனது. பெண்களை வரிசையாக உட்கார வைத்து முதலில் ஆங்கிலம், அப்புறம் ஜி.இ.டி. என்று நடத்தினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில், பாடமும் ஆங்கிலத்தில். உதவித்தொகை கிடைக்கும் காலம் முடிந்தபோது பலரிடம் வேலைக்கு உதவும் ஆங்கிலமும் இல்லை, ஜி.இ.டி.யும் இல்லை, புதுத் தொழிலும் இல்லை. 1981-லிருந்தே அங்கே தையல் தொழிலாளிப் பெண்களைச் சேர்த்து நடத்திவந்த லா முஹேர் ஒப்ரேரா என்ற அமைப்பு அப்போதே தெருவில் இறங்கிக் கேட்டது: எந்த வேலைக்கு என்று சொல்லாமல் எதற்குப் பயிற்சி?

இப்போது சான் அன்டோனியோ. 1990-ல் தெற்கு ஸர்ஸமோரா தெருவிலிருந்த லீவைஸ் ஜீன்ஸ் ஆலை மூடப்பட்டு வேலை கோஸ்டா ரிகாவுக்குப் போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே அடியாக வெளியே. அப்போது தேவாலயங்களை அடித்தளமாகக் கொண்ட காப்ஸ், மெட்ரோ அலையன்ஸ் என்ற இரண்டு மக்கள் அமைப்புகள் வீடு வீடாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டன. அதன் பிறகு, வகுப்பு ஏதும் தொடங்குவதற்கு முன்னால், முதலாளிகளிடம் போனார்கள். எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, என்ன சம்பளம் தருவீர்கள், நாங்கள் பயிற்சி கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு வாக்குறுதி வாங்கினார்கள். 1992-ல் பிராஜெக்ட் குவெஸ்ட் பிறந்தது அப்படித்தான்.

அதில் சேர்ந்தவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுப் படிப்புக்கான உள்ளூர்க் கல்லூரி) கட்டணம், புத்தகம், போக்குவரத்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு எல்லாவற்றுக்கும் கை கொடுத்தார்கள். கணக்கும் ஆங்கிலமும் தடுமாறினால் அதற்குத் தனி வகுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒருமுறை ஆலோசகரோடு உட்கார வேண்டும். காரின் டயர் போனது, புருஷன் சண்டை போட்டது, மின்கட்டணம் கட்ட முடியாதது, எதுவானாலும் அங்கே பேசலாம். என் வகுப்பில் நோட்டை மூடி வைத்துவிட்டுப் போன பெண்ணுக்கு அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் அடுத்த நாள் காலையில் போன் வந்திருக்கும்.

இது நன்றாக இருக்கிறது என்று மனசுக்குப் பட்டதால் சொல்லவில்லை. 2006 முதல் 2008 வரை விண்ணப்பித்தவர்களில் 410 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திட்டத்தில் இடம் கொடுத்து, மற்ற பாதியை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இருக்கிறது. பெரும்பாலும் லத்தீனப் பெண்கள்தான். மருத்துவத் துறை வேலைகளுக்குப் படித்தவர்கள்: செவிலியர், மருத்துவப் பதிவேடுகளைக் குறியீடு செய்பவர் என்று. ஒன்பதாம் ஆண்டில், திட்டத்தில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

ஆனால் அதே ஆய்வில், முதல் ஆண்டில் அவர்களுடைய வருமானம் மற்றவர்களைவிடக் குறைவு. படித்துக்கொண்டிருந்தார்கள், குறைந்த நேரம் வேலை செய்தார்கள், பின்னே குறையாமல் என்ன செய்யும்? நீங்களோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் கூடிப் பட்ஜெட் போடுகிறீர்கள். அடுத்த கூட்டத்துக்குள் பலன் காட்டு என்றால் எந்தத் திட்டம் ஜெயிக்கும்? ஆறு வாரத்தில் ஒரு சான்றிதழ் கொடுத்து, மணிக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் வேலையில் சேர்த்து, 'வேலை கிடைத்தவர்கள் இத்தனை பேர்' என்று அறிக்கை எழுதும் திட்டம் ஜெயிக்கும். ஐந்து ஆண்டு கழித்து அந்தப் பெண் அதே மணிக்குப் பன்னிரண்டு டாலரில் இருப்பாள். அதை யாரும் எண்ணுவதில்லை.

உங்களுக்கு இது புரியாமல் இல்லை. 2023-ல் கம்யூனிட்டி காலேஜ் நிதி முறையை மாற்றி நீங்கள் நிறைவேற்றிய எட்டாம் எண் மசோதாவிலேயே, வயது வந்த மாணவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் கூடுதல் நிதி கொடுத்தீர்கள். அவர்களைப் படிக்க வைக்கச் செலவு அதிகம் என்று நீங்களே ஏற்றுக்கொண்டதுதானே அது? மிக நல்ல காரியம் செய்தீர்கள். அதே அறிவை காலேஜ் வாசலுக்கு வெளியே, இன்னும் உள்ளே வர முடியாதவர்களிடமும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். 2013-ல் நிறைவேற்றிய சட்டத்தால் வயது வந்தோர் கல்வியும் வொர்க்ஃபோர்ஸ் கமிஷன் கைக்கு வந்தது. குழந்தைப் பராமரிப்பு உதவியும் அங்கேதான். வேலைப் பயிற்சியும் அங்கேதான். மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்போது, ஒரு பெண் ஏன் மூன்று விண்ணப்பம் போட்டு மூன்று வரிசையில் நிற்க வேண்டும்?

குழந்தைப் பராமரிப்பு வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியும். 2025-ல் 90,000 குழந்தைகளுக்கு மேல் காத்திருந்தார்கள். நீங்கள் அந்த ஆண்டு கூடுதலாக 10 கோடி டாலர் ஒதுக்கினீர்கள், நன்றி. ஆனாலும் என் மாணவிகளுக்கு உதவி கிடைத்தாலும் பயன் குறைவு. எங்கள் பகுதியில் டே கேர் மாலை ஆறு மணிக்கு மூடும். என் வகுப்பு ஆறு மணிக்குத் தொடங்கும். பகலில் வேலை செய்கிறவளுக்கு வேறு எப்போது வகுப்பு வைப்பது? ஆஸ்டினில் 2014-லிருந்து பெரியவர்களுக்கான ஓர் இலவச உயர்நிலைப் பள்ளி நடக்கிறது. அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமும் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. தெற்கு சான் அன்டோனியோவிலும் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலும் அப்படி ஊருக்கு ஒன்று இருந்தால் என் வகுப்பையே நான் மூடிவிட்டு அங்கே போய்ப் பாடம் எடுப்பேன்.

முதலில் ஆங்கிலம், பிறகு ஜி.இ.டி., அதற்கும் பிறகு தொழில் என்ற ஏணியை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். வேலையும் பிள்ளைகளும் வைத்துக்கொண்டு வாரம் நாலு மணி நேரம் படிக்கிறவள் அந்த ஏணியில் ஏறி முடிக்க ஆறேழு ஆண்டு ஆகும். மூன்றையும் சேர்த்து நடத்தலாம். ரத்த மாதிரி எடுக்கக் கற்றுக்கொள்ளும்போதே நோயாளியிடம் பேசும் ஆங்கிலத்தையும், மருந்தின் அளவு கணக்கையும் கற்றுக்கொள்ளலாம். அதற்கு ஃபெடரல் சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு, வசதி குறைந்தவர்கள் கல்லூரியில் படிக்க ஃபெடரல் அரசு தரும் பெல் உதவித்தொகை 2012-ல் நிறுத்தப்பட்டது. 2014 டிசம்பரில், ஜி.இ.டி. படிப்பையும் தொழிற்படிப்பையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு மட்டும் திரும்பத் திறந்துவிட்டார்கள். என் மாணவிகளில் ஒருத்திக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை. எனக்கே நாலாவது ஆண்டில்தான் தெரிந்தது.

ஸ்பானிஷ் பேசுவதைக் குறையாகப் பார்க்கும் பழக்கமும் போக வேண்டும். இந்த மாநிலத்தில் 1918 முதல் 1969 வரை, வகுப்பில் ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடம் நடத்துவது குற்றம். ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளை அடித்தார்கள். என் வகுப்பில் எழுபது வயதைத் தொடும் ஓர் 'அபுவேலா' இருக்கிறார், பாட்டி. இந்த மண்ணிலேயே பிறந்தவர், அவருடைய தாத்தாவும் இங்கேதான் பிறந்தார். முதல் வகுப்பில் தண்ணீர் வேண்டும் என்று ஸ்பானிஷில் கேட்டதற்கு உள்ளங்கையில் வாங்கிய அடியை இன்றும் கையை விரித்துக் காட்டுவார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். இப்போது பேத்தியோடு வந்து உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் போடுகிறார். அவருக்கு இனி வேலை தேவையில்லை. சான்றிதழ் வேண்டுமாம், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட.

வகுப்புக்குத் தங்கையைக் கொண்டுவந்து விடும் இன்னொரு பெண், ஹோண்டுராஸில் பயிற்சி பெற்ற செவிலி. இங்கே அலுவலகக் கட்டடம் கூட்டுகிறாள். சான்றிதழ் மொழிபெயர்ப்பு, மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, செவிலியர் உரிமத் தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த நோயாளிகள் நிறைந்த நகரத்தில் அவளைத் துடைப்பத்தோடு விட்டுவைத்திருப்பது யாருக்கு லாபம்?

வீட்டோடு போய் முதியவர்களைக் கவனிக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான லத்தீனப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாநிலம் நிர்ணயிக்கும் அடிப்படைக் கூலியை 2023-ல் மணிக்கு 8.11 டாலரிலிருந்து 10.60 ஆக்கினீர்கள், 2025-ல் மறுபடி உயர்த்தினீர்கள். நிறுத்திவிடாதீர்கள். இந்த மாநிலத்தின் பொதுவான குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து அதே 7.25 டாலர்தான்.

ஒரு வருத்தத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2001-ல், குடியேற்ற ஆவணமில்லாத ஆனால் இங்கேயே பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு உள்ளூர்க் கட்டணத்தில் கல்லூரி என்ற சட்டத்தை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது டெக்சாஸ். அப்போதைய ஆளுநர் ரிக் பெர்ரி கையெழுத்திட்டார். இரு கட்சியும் சேர்ந்து செய்த வேலை. 2025 ஜூன் 4 அன்று ஃபெடரல் அரசு அதை எதிர்த்து வழக்குப் போட்டது, மாநில அரசு அன்றைக்கே ஒத்துக்கொண்டது, நீதிமன்றம் அன்றைக்கே சட்டத்தை முடக்கியது. அம்மா ஜி.இ.டி.க்கு என் வகுப்பில், மகள் கம்யூனிட்டி காலேஜில் என்று இருந்த ஒரு வீட்டில், அதன் பிறகு அம்மா வகுப்பை விட்டுவிட்டு இரண்டாவது வேலைக்குப் போகிறாள், மகளின் கட்டணத்துக்காக. 24 ஆண்டு உங்கள் சட்டமாக இருந்ததை ஒரே நாளில் விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம். ஃபெடரல் விதிகளுக்கு உட்பட்டே இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்.

2027 ஜனவரியில் நீங்கள் கூடும்போது நாங்கள் வைக்கும் கோரிக்கை இது. குவெஸ்ட் போன்ற திட்டங்கள் எல் பாசோவிலும் பள்ளத்தாக்கிலும் ஆஸ்டினிலும் ஏற்கெனவே நடக்கின்றன. கட்டணம், குழந்தைப் பராமரிப்பு, போக்குவரத்து, ஆலோசகர் நான்கும் சேர்ந்த அந்த மாதிரிக்கு மாநிலம் நிலையான நிதி கொடுக்கட்டும். பலனை இரண்டு ஆண்டில் எண்ணாமல் ஐந்தாம் ஆண்டு சம்பளத்தைப் பார்த்து எண்ணட்டும். மாலை வகுப்பு நடக்கும் இடத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உதவி கிடைக்கட்டும். படிப்புக்காக ஷிப்டை மாற்றிக் கொடுக்கும் முதலாளிகளுக்கு, உங்கள் பயிற்சி மானியங்களில் முன்னுரிமை கொடுங்கள்.

நிதிக்குழு விசாரணையில் பேச எங்கள் வகுப்பிலிருந்து ஏழு பெண்கள் ஆஸ்டினுக்கு வரத் தயாராக இருக்கிறார்கள். நாளை மறுநாள் விசாரணை என்று கடைசி நேரத்தில் அறிவித்தால் அவர்களால் வர முடியாது. ஷிப்ட் மாற்றிக்கொள்ள இரண்டு வாரம் வேண்டும். இரண்டு பேருக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் தேவை. பாட்டி மாடிப்படி ஏற மாட்டார். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், வேன் ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தெற்கு சான் அன்டோனியோவில் கணக்குச் சொல்லித்தரும் ஒரு மாயெஸ்த்ரா